வசிஷ்ட நதியோரம் ஒருநாள் மிதிவண்டிப் பயணம்: ஒரு மதிப்பீடு

வழிகாட்டியுடன் செல்லும் மிதிவண்டிச் சுற்றுலாவுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வழியைத் தேர்ந்தெடுத்ததற்கான கூலியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியை எங்கே வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். கட்டுச்சோற்றையும் தண்ணீரையும் நாமே கொண்டுபோகலாம். எந்த ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு வாய்க்கால் கரையில் இறங்க வேண்டும், எந்த மேட்டை வெயில் ஏறுவதற்குமுன் கடந்துவிட வேண்டும், எந்தத் தோப்பில் எந்தப் பருவத்தில் ஆள்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்பவையெல்லாம் அந்தப் பகுதியில் பல காலம் மிதித்துத் திரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவுக்குத்தான் கட்டணம். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, சேலம் மாவட்டத்தில் வாழப்பாடியில் தொடங்கி, பேளூர், புழுதிக்குட்டை வழியாகச் சென்று ஏத்தாப்பூர் பக்கம் முடிகிற இந்த ஒருநாள் பயணம், பிற்பகல் வரை மிக நேர்த்தியாக அமைந்திருக்கிறது. அதன் கடைசிப் பகுதி மட்டும் கட்டாயம் மாற்றப்பட வேண்டியதாக இருக்கிறது. நடத்துபவர்கள் சேலத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர். அவர்களுடைய பெயரைத் தவிர்த்துவிட்டு ஏற்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; இப்படியொரு பயணத்தை யார் நடத்தினாலும் எவற்றைக் கேட்டறிந்து பணம் கட்ட வேண்டும் என்பதற்கு இது பயன்படக்கூடும்.

ஒருவருக்குக் கட்டணம் 1,800 ரூபாய். விடியற்காலையில் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்து வேனில் அழைத்துச் சென்று, மாலையில் அங்கேயே கொண்டுவந்து விடுகிறார்கள். வண்டி, தலைக்கவசம், காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, இளநீர் ஆகியவை இதில் அடங்கும். எட்டுப் பேருக்குமேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. முன்னே ஒரு வழிகாட்டி, பின்னே இன்னொருவர், அவருக்கும் பின்னே உதிரிப் பொருள்களோடு வேன் என்ற ஒழுங்கு நாள் முழுவதும் குலையவில்லை. மொத்தத் தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பழக்கமுள்ளவர்களுக்கு இது பெரிய தூரமில்லை; பள்ளிக்கூட நாள்களோடு மிதிவண்டியை விட்டவர்களுக்கு இது சரியான தூரம்.

வண்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மண்பாதையில் நாளின் சுகமும் துன்பமும் அவற்றால்தான் அமைகின்றன. கொடுத்தவை ஹைப்ரிட் வகைக் கியர் வண்டிகள். முன்பக்கம் மூன்று பல்சக்கரமும் பின்பக்கம் ஏழும் கொண்டவை. இரண்டு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். டயர்கள் 40 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. சாலைப் பந்தய வண்டியின் ஒல்லி டயர் வரப்பு மணலில் புதைந்துவிடும். மலைவண்டியின் முரட்டு டயர் தார்ச்சாலையில் நம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டுவகைத் தரையும் மாறிமாறி வரும் இந்த வழிக்கு இடைப்பட்ட இந்த அகலம்தான் பொருத்தம். டியூபில் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோன்ற தடித்த வால்வு என்பதைக் கவனித்து மகிழ்ந்தேன். விலை கூடிய வண்டிகளில் வருகிற ஒல்லி வால்வுக்கு இடையில் ஒரு பித்தளைத் துண்டைப் பொருத்தாவிட்டால் ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளில் காற்றுப் பிடிக்க முடியாது. தடித்த வால்வாக இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் வேலை முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்து மண்பாதைகளில் சீமைக் கருவேல முள்ளுக்கும் நெருஞ்சி முள்ளுக்கும் தப்புவது கடினம். எங்கள் குழுவில் ஒருவருக்கு டயர் பஞ்சரானபோது, பின்னால் வந்த வழிகாட்டி உடனே புது டியூபை மாட்டிவிடாமல், டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, ஒடிந்து உள்ளே நின்றிருந்த முள்முனையைக் கண்டுபிடித்து எடுத்தார். அதைச் செய்யாமல் டியூபை மட்டும் மாற்றினால் அதே முள் அடுத்த கால்மணி நேரத்தில் புது டியூபையும் குத்திவிடும். அவசரமில்லாமல் செய்த அந்தச் சிறு வேலையே, நடத்துபவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று எனக்கு முதலில் காட்டியது.

குறை வண்டியின் உயரத்தில் இருக்கிறது. வண்டியின் சட்டத்தை (பிரேம்) இரண்டே அளவுகளில்தான் வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த ஆசிரியை ஒருவருக்குச் சீட்டை முழுவதும் இறக்கியபிறகும் நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்ததால் நண்பகலுக்குள் அவருடைய மணிக்கட்டும் தோளும் வலிக்கத் தொடங்கிவிட்டன. சீட்டை இறக்கினால் உயரம் குறையுமே தவிர, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள நீளம் குறையாது என்பதை வண்டி வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுள்ள பெண்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு ஏற்ற சிறிய சட்டமுள்ள வண்டிகள் இரண்டையாவது வாங்கி வைக்காமல், எல்லோரும் வரலாம் என்று விளம்பரம் செய்வது நியாயமாகாது.

இனி வழி. வாழப்பாடியைவிட்டு வடகிழக்காகப் பேளூர் நோக்கிச் செல்லும்போது, பிரதான சாலையைப் பெரும்பாலும் தவிர்த்து, தோப்புகளுக்கு இடையிலான பாதைகளில் கூட்டிப்போகிறார்கள். பாக்குமரமும் தென்னையும் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் காடும் மாறிமாறி வருகின்ற இந்தப் பகுதியில் தை மாதத்துக் காலை வேளையில் மிதிப்பது ஒரு பேறு. பாக்குத் தோப்புக்குள் வெயில் தரைவரை இறங்குவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் மரங்களுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிழல் முடிந்து குச்சிக்கிழங்குக் காடு தொடங்கும் இடத்தில் உடம்பு அந்த மாற்றத்தை உடனே உணர்கிறது. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இது கிட்டாது.

ஒரு களத்தின் ஓரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த பாக்கை வேகவைத்து, களத்தில் பரப்பி உலர்த்தி எடுக்கும் வேலை அங்கேயே நடக்கிறது. அடுத்த கொட்டகையில், உதிர்ந்த பாக்கு மட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, சூடேறிய அச்சில் வைத்து அழுத்தித் தட்டுகளாக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே வழிகாட்டி நடந்துகொண்ட முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வண்டியைவிட்டு இறங்குவதற்கு முன்பே, கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது என்று எங்களிடம் சொல்லிவிட்டார், தாமே முன்னால் சென்று, "அம்மா, இவங்க சேலத்துலருந்து வந்திருக்காங்க, கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாங்களா?" என்று அனுமதி கேட்டார். "அதுக்கென்ன சாமி, வந்து உக்காருங்க. வெயிலுக்கு முன்னாடி இத்தன தூரம் மிதிச்சே வந்தீங்களா?" என்று ஒரு பெரியவர் எங்களுக்குத் தம் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். கூலி வேலையில் இருப்பவர்களுக்கு நிமிடங்களும் காசுதான் என்பதால் நீண்ட நேரம் நிற்காமல் கிளப்பியதும் சரியே.

பேளூரில் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்ச் சேரும்படி நேரத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை நினைத்தால் இந்த வரிசையின் அருமை தெரியும். வசிஷ்ட நதியை ஒட்டிப் பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் ஆகிய ஐந்து ஊர்களின் சிவாலயங்களையும் ஐம்பூதத் தலங்களாகக் கொள்வது இப்பகுதி மரபு. பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர். ஒரே நாளில் இந்த இரண்டையும் மிதிவண்டியில் இணைக்கலாம் என்று யோசித்தவருக்கு இந்த ஆற்றின்மேல் உண்மையான பற்று இருந்திருக்க வேண்டும். ஆறு இப்போது பெரும்பாலான நாள்களில் மணலும் கருவேலமுமாகவே கிடக்கிறது. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, அணையில் தண்ணீர் திறந்தால் எதுவரை வரும், எந்தெந்த ஏரிகள் நிரம்பும் என்று வழிகாட்டி விளக்கியபோது, அதுவரை பேசிக்கொண்டே வந்த குழு அமைதியாகக் கேட்டது.

அந்த அணை புழுதிக்குட்டையில் இருக்கும் ஆனைமடுவு அணை, 67.25 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கக்கூடியது. பேளூரிலிருந்து வடக்கே அதை நோக்கிச் செல்லும் பாதைதான் அன்றைய நாளின் ஏற்றம். ஒருபக்கம் அருநூத்துமலையும் இன்னொரு பக்கம் கல்வராயன் மலைத்தொடரும் நெருங்கிவர, கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற சாலை காலுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட மெல்லிய, நீளமான ஏற்றத்தில் புதியவர்கள் செய்கிற காரியம், கடினமான கியரிலேயே வைத்துக்கொண்டு முழங்காலை வருத்துவது. முன்பல்சக்கரத்தில் சிறியதற்கு மாறி, அழுத்திச் சில சுற்று மிதிப்பதற்குப் பதிலாக இலேசாகப் பல சுற்று மிதிக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் அருகிலும் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். மேட்டின் நடுவில் பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் சங்கிலி கழன்றுவிடக்கூடும். மேடு தொடங்குமுன்பே மாற்றிவிட வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டவர்கள் பிற்பகலில் களைக்கவில்லை. இந்த ஏற்றத்தைக் குளிர்ந்த காலையிலும், ஆற்றோடு சேர்ந்து இறங்கும் பகுதியை வெயில் நேரத்திலும் வைத்திருப்பது இந்தப் பயணத் திட்டத்தின் மிகப்பெரிய சிறப்பு. இதே வழியைத் தலைகீழாக வைத்திருந்தால் பாதிப்பேர் வேனில்தான் திரும்பியிருப்பார்கள்.

சேலத்தில் மிதிவண்டி ஓட்டுகிறவர்களிடையே ஏற்காடு மலைச்சாலைக்கு இருக்கும் மதிப்பு எனக்குப் புரிகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறி நிற்பது யாருக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் சாலையில் கண் முழுவதும் வளைவிலும் எதிரே வரும் பேருந்திலும்தான் இருக்கும். ஊர்களையும் தொழிலையும் பார்த்துப் பேசிப் போவதற்கு அது இடம் தராது. சேர்வராயன் மலையைத் தொலைவில் நீலமாக வைத்துக்கொண்டு அதன் கிழக்கே கிடக்கும் இந்தச் சமவெளியில் சுற்றுவதும் முழுமையான மிதிவண்டிப் பயணம்தான் என்று, உடல்வலு குறைந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் நான் துணிந்து சொல்வேன்.

அணையிலிருந்து இறங்கி, பேளூரைத் தாண்டி ஏத்தாப்பூர்ப் பக்கம் வந்தால் நிலத்தின் வாசனையே மாறுகிறது. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும் திசையைப் புளித்த மாவின் மணம் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே காட்டிவிடும். இங்கே ஓர் ஆலைக்குள் செல்ல முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். கட்டணம் முழுவதும் இந்த ஒரு மணி நேரத்துக்கே தகும் என்று எண்ணுகிறேன். லாரியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். அரைத்ததைச் சலித்துப் பாலைப் பிரித்துத் தொட்டிகளில் தெளியவிடுகிறார்கள். அடியில் படிந்த மாவை ஈரத்தோடு எடுத்து உதிர்த்து, குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டுகளில் வறுத்து, பிறகு சிமெண்ட் களத்தில் பரப்புகிறார்கள். வெயிலில் கண்கூசும் அந்த வெள்ளைக் களத்தில் பெண்கள் காலாலும் பலகையாலும் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டே நடக்கிறார்கள். மேகம் கூடினால் மொத்தக் களத்தையும் வாரிக் கூரைக்குள் சேர்க்க வேண்டியிருக்கும். சலிப்பில் மிஞ்சும் சக்கையான திப்பி தனியாகக் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தின் வழியாக இங்கிருந்து வடமாநிலங்களுக்குச் சரக்குப் போகிறது. விரத நாள்களில் ஜவ்வரிசியில் சாபுதானா கிச்சடி செய்கிற மராட்டியக் குடும்பத்துக்கு ஏத்தாப்பூரின் வெயில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்காவது தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் மறுபக்கத்தையும் வழிகாட்டி மறைக்கவில்லை. ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வரலாற்றைச் சொல்லி, கழிவுநீரை மூடிய தொட்டிகளில் புளிக்கவைத்து எரிவாயு எடுத்து ஆலைக்கே பயன்படுத்தும் அமைப்பை எங்களுக்குக் காட்டினார். காலையில் வறண்ட ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்தத் தொட்டியின் பொருள் விளங்கியது.

மதிய உணவு ஒரு வீட்டுத் திண்ணையில், வாழை இலையில்: சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, ரசம், கீரை, மோர். நன்றாக இருந்தது, அளவும் குறைவில்லை. அதற்குப்பின் ஒரு மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க விட்டது அறிவான செயல்.

இதற்குப் பிறகு வருவதுதான் என் கடுமையான மறுப்புக்கு உரிய பகுதி. புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு நடந்த முத்துமலை முருகன் கோயிலின் 146 அடி உயரச் சிலையை நோக்கி, சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையின் ஓரமாகவே எங்களை மிதிக்க வைத்தார்கள். அந்தச் சிலையைக் காண வருகிறவர்களின் ஆசையை நான் குறை கூறவில்லை; எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் காலையிலிருந்து வாய்க்கால் கரையிலும் தோப்பிலும் ஓட்டிப் பழகிய, பாதிக்குமேல் புதியவர்களான ஒரு குழுவை, களைத்த நேரத்தில், தொலைதூரப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் சாலையில் இறக்கிவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நான்குவழியாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஊர்ப் புறவழிகளில் இருவழியாகக் குறுகியதால் விபத்துகளுக்குப் பெயர்பெற்ற சாலை அது. பேருந்து ஒன்று ஒலிப்பானை விடாமல் அடித்துக்கொண்டு கடந்தபோது, அதன் காற்றே அந்த ஆசிரியையின் வண்டியைச் சாலையைவிட்டு மண்ணில் தள்ளியது. அடிபடவில்லை, எனினும் அவர் முகத்தைப் பார்த்தபிறகு அந்தப் பகுதியைப் பற்றி என்னால் மென்மையாக எழுத முடியாது. திருத்துவதும் எளிது: ஏத்தாப்பூர் சாம்பமூர்த்தீஸ்வரர் கோயிலோடு மிதிப்பதை முடித்து, வண்டிகளை வேனில் ஏற்றிவிட்டு, சிலையை வேனிலேயே போய்ப் பார்க்கலாம். வேன்தான் நாள் முழுவதும் பின்னாலேயே வருகிறதே. இதை நடத்துபவர்களிடம் நேரில் சொன்னேன், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அது நடக்கும்வரை, பணம் கட்டும்போதே கடைசிப் பகுதியை வேனில் வருவோம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் உடனே கவனிக்கப்பட வேண்டும். பேளூருக்கும் மதிய உணவுக்கும் இடையிலுள்ள நீண்ட நேரத்தில் பெண்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பறை எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. இதற்கு அஞ்சியே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டியதாகக் குழுவிலிருந்த பெண்கள் பின்னர் சொன்னார்கள். வெயிலில் மிதிக்கிற உடம்பைத் தண்ணீர் இல்லாமல் வைப்பது நேரடியாக மயக்கத்துக்கு வழி. பாக்குக் களத்து வீட்டுக்காரர்களிடமும் ஆலைக்காரர்களிடமும் இவ்வளவு நல்ல உறவு வைத்திருக்கும் குழுவினருக்கு, வழியில் ஒரு வீட்டில் இதைப் பேசி முடிப்பது கடினமாக இருக்காது.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழியும் தையும் மாசியின் முற்பகுதியும் உகந்தவை. பங்குனி பிறந்துவிட்டால் சேலத்து வெயிலில் பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் மிதிப்பது நல்லதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்புப் பாதைகளின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஜவ்வரிசிக் களங்களும் வெறிச்சோடிக் கிடக்கும். முழங்கால் மூடிய, உலர்ந்துவிடும் துணியிலான கால்சட்டையும், காலில் இறுகப் பிடிக்கும் காலணியும் போதும். செருப்போடு வருகிறவர்களைக் குழுவினர் ஏற்றுக்கொள்வதில்லை, அது சரியான விதி. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தூரம் கூடாது.

சொந்த வண்டியும் துணைக்கு ஒருவரும் உள்ளவர்கள் இதே வழியைத் தாங்களாகவும் போகலாம். சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் வாழப்பாடி கேட், ஏத்தாப்பூர் ரோடு என்ற நிலையங்கள் இருப்பதால் வண்டியில்லாமல் திரும்ப வேண்டி வந்தாலும் வழியுண்டு. ஆயினும் முதல்முறை இந்தக் குழுவோடு போவதையே பரிந்துரைப்பேன். பாக்குக் களத்திலும் ஆலையிலும் கதவு திறப்பது அவர்கள் முகத்துக்காகத்தான். வார நாள்களில் சென்றால் ஆலையும் கொட்டகைகளும் முழுவீச்சில் இயங்குவதைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பதிவு செய்கிறவர்கள், ஆலை அன்று ஓடுமா என்பதையும், தங்கள் உயரத்துக்கு வண்டி இருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் செலுத்துங்கள்.